சிலந்திச் சவ்வடி இரத்தக்கசிவும் இரத்த அழுத்தமும்

மூளையைப் போர்த்தியிருக்கும் சிலந்திச் சவ்வுக்கு அடியில், தண்டுவட நீர் நிரம்பிய ஒடுங்கிய வெளி ஒன்று உண்டு. மூளையின் அடித்தளத் தமனிகள் அதன் வழியே செல்கின்றன. தமனி கிளைபிரியும் இடத்தில் சுவர் நலிந்து குமிழாகப் புடைப்பது அனியூரிசம். அது வெடித்தால் மண்டையே பிளப்பது போன்ற தலைவலி திடீரென வரும். பிழைத்தவருக்கு இரண்டு ஆபத்துகள் காத்திருக்கின்றன. ஒன்று, மறுகசிவு; முதல் 24 மணி நேரத்தில் இதற்கான வாய்ப்பு மிக அதிகம். மற்றொன்று, சில நாள் கழித்துத் தமனிகள் சுருங்கி மூளைக்கு இரத்தம் குறைவது. முதலாவதைத் தடுக்க இரத்த அழுத்தம் தாழ வேண்டும். இரண்டாவதைத் தடுக்க உயர வேண்டும். மருத்துவர்கள் நெடுங்காலம் போராடியது இந்த முரணோடுதான்.

இதன் வேர் 1901இல் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், விலங்குகளின் மண்டையோட்டுக்குள் அழுத்தத்தைக் கூட்டினார். உடலின் இரத்த அழுத்தமும் அதை மிஞ்சி ஏறியது. அதே ஐரோப்பியப் பயணத்தில் ரிவா-ரோச்சி உருவாக்கிய அழுத்தமானியை இத்தாலியின் பவியாவில் கண்டு, அதை பால்டிமோருக்குக் கொண்டுசென்றார். உயர் அழுத்தம் சில வேளை மூளையைக் காக்க உடலே எடுக்கும் முயற்சி என்பது குஷிங்கின் சோதனையிலேயே அடங்கியிருந்தது. பின்வந்த பல பத்தாண்டுகளில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

1924இல் சார்லஸ் சைமண்ட்ஸ் இந்நோயின் அறிகுறிகளைத் தெளிவாக வகுத்தார். 1927இல் எகாஸ் மோனிஸ் மூளைத் தமனிகளை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். 1937இல் வால்டர் டேண்டி அனியூரிசத்தின் கழுத்தில் கிளிப் பொருத்தினார். ஆயினும் வீங்கிய மூளையைத் தொட அஞ்சி, அறுவையை நாள்கணக்கில் தள்ளிவைப்பதே வழக்கமாயிற்று. காத்திருந்த நாள்களில் படுக்கை ஓய்வும் அழுத்தத்தைத் தாழ்த்துவதும்தான் கைவசம் இருந்தன. 1963இல் தொடங்கிய அமெரிக்கக் கூட்டாய்வு, மருந்தால் அழுத்தம் தாழ்த்துவதை அறுவைக்கு இணையான தனிச் சிகிச்சையாகவே வைத்து ஒப்பிட்டது.

இதற்கிடையே எதிர்ச்சான்றுகள் சேர்ந்தன. 1951இல் எக்கரும் ரீமன்ஷ்னைடரும் தமனிச் சுருக்கத்தைப் படங்களில் கண்டனர். அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளை தன் இரத்த ஓட்டத்தை ஓரளவு நிலையாக வைத்துக்கொள்கிறது என்று 1959இல் நீல்ஸ் லாசன் விளக்கினார். கசிவுக்குப்பின் இந்தத் திறன் குலைகிறது. அப்போது அழுத்தம் இறங்கினால் ஓட்டமும் கூடவே இறங்கும். 1976இல் காஸ்னிக், ஹண்ட் இருவரும் அறுவைக்குப்பின் நலிந்த 7 நோயாளிகளின் அழுத்தத்தை உயர்த்தி, இழந்த செயல்கள் மீள்வதைக் கண்டனர். 1982இல் காசலின் குழு 58 பேரிடம் அதையே செய்தது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் நிலையாகத் தேறினர். ஆனால் அனியூரிசம் அடைக்கப்படாத சிலருக்கு மறுகசிவு நேர்ந்தது. இதற்கு மறுபுறத்தை 1990இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது: அழுத்தம் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மறுகசிவு குறைந்தது, மூளைத்திசு இறப்பு கூடியது. இரு தரப்பும் கண்டது உண்மையே. ஆகவே எண்களைக் கொண்டு மட்டும் இந்த வழக்கு தீரக்கூடியதாக இல்லை.

அந்த முரணை இளக்கியது அழுத்த மருந்தன்று, அனியூரிசத்தை விரைவாக அடைப்பது. 1980களில் முன்கூட்டிய அறுவை பரவியது. 1990களில் புடைப்பை உள்ளிருந்து அடைக்கும் பிளாட்டினச் சுருள் வந்தது. புடைப்பு அடைபட்டபின் அழுத்தத்தை உயர்த்தும் அச்சம் பெரிதும் குறைந்தது. உயர் அழுத்தம், மிகுநீர், இரத்தம் நீர்த்தல் என மூன்றும் சேர்ந்த சிகிச்சை உலகெங்கும் வழக்கமானது. மூளைத்திசு இறப்பைத் தடுக்கத் தரப்படும் நிமோடிபின் மாத்திரைக்குக் கிடைத்த சான்று இதைவிட உறுதியானது: 1989இன் பிரிட்டிஷ் ஆய்வில் 554 பேரிடையே மூளைத்திசு இறப்பு 33லிருந்து 22 விழுக்காடாகக் குறைந்தது. அந்த மருந்தும் அழுத்தத்தை இறக்கக்கூடியது என்பதால் இன்றும் கவனம் தேவைப்படுகிறது.

மேற்சொன்ன மும்முனைச் சிகிச்சையில் மிகுநீர் 2000ஆம் ஆண்டின் ஆய்வில் பயன் காட்டவில்லை. அழுத்தம் உயர்த்துவதைச் சீட்டுக்குலுக்கல் முறையில் சோதித்த ஹிமாலயா ஆய்வு, 240 பேரைத் திட்டமிட்டு 41 பேரோடு நின்றது. 2018இல் வெளியான அதன் முடிவில் மூளையின் இரத்த ஓட்டம் கூடியதாகத் தெரியவில்லை. கடும் பக்கவிளைவுகள் கூடின. கால் நூற்றாண்டுக்கு மேல் படுக்கையருகே நம்பப்பட்ட ஒன்று இவ்வளவு தாமதமாகச் சோதிக்கப்பட்டது வருந்தத்தக்கது.

அமெரிக்க வழிகாட்டுதல் 2012இல், அடைப்புக்கு முன் மேலழுத்தம் 160க்குக் கீழ் இருப்பது பொருத்தம் என்றது. 2023இன் திருத்தம் அந்த எண்ணைக் கைவிட்டு, மிகை, தாழ்வு, ஏற்ற இறக்கம் மூன்றையும் தவிர்க்கச் சொல்கிறது. தமனிச் சுருக்கத்தின் அறிகுறி தென்பட்டவருக்கு அழுத்தம் உயர்த்தலாம். முன்னெச்சரிக்கையாக எவருக்கும் உயர்த்தலாகாது என்கிறது.