கூட்டப்பட்ட பணமும் கூட்டப்படாத பணமும்: மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் உறுப்பினர் அறிவிப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகம் 1905 நவம்பரில் தொடங்கிய புல்லட்டின் இதழை ஆய்வாளர்கள் அதன் கட்டுரைகளுக்காகவும், புதிதாக வாங்கிய பொருள்களின் பட்டியலுக்காகவும் புரட்டுவது வழக்கம். கடைசிப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த அறிவிப்பை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. எடுத்துக்கொண்டவர்களும் அதன் மேல்வரிசையோடு நின்றுவிட்டார்கள். 50,000 டாலர் கொடுத்தால் பெருங்கொடையாளர். 5,000 கொடுத்தால் நிரந்தர ஃபெல்லோ. 1,000 கொடுத்தால் ஆயுள் ஃபெல்லோ. அதற்குக் கீழே ஆண்டுச் சந்தா செலுத்துவோர் மூன்று வகை: 100 டாலர் கட்டும் ஃபெல்லோஷிப் உறுப்பினர், 25 கட்டும் ஆதரவு உறுப்பினர், 10 கட்டும் ஆண்டு உறுப்பினர்.

இந்த ஆறு படிகளையும் செல்வந்தர்களின் அந்தஸ்து ஏணியாகப் படிப்பது நெடுநாளாக வேரூன்றிய மரபு. பெரும் பணம் மேல்தட்டிலிருந்து வந்தது, கீழ்த்தட்டுச் சந்தா வெறும் அலங்காரம், சிறு உறுப்பினர் வாங்கியது பெரியவர்களின் நிழலில் நிற்கும் பெருமையை என்பது அம்மரபின் சாரம். அறிவிப்பின் கீழ்ப்பாதியை வரிவரியாகப் படித்தால் இந்த முடிவு நிற்பதில்லை என்பதே என் வாதம். ஏணியில் உண்மையான பிளவு 5,000 டாலருக்கும் 50,000 டாலருக்கும் இடையில் இல்லை; 10 டாலருக்கும் 25 டாலருக்கும் இடையில் இருக்கிறது.

முதலில் எல்லா வகை உறுப்பினருக்கும் பொதுவான சலுகைகள். அக்காலத்தில் வாரத்தில் ஐந்து நாள் நுழைவு இலவசம். திங்களும் வெள்ளியும் கட்டண நாள்கள். தலைக்கு 25 சென்ட். உறுப்பினரும் அவர் குடும்பத்தாரும், வெளியூரிலிருந்து வந்த நண்பர்களும் அந்த இரு நாள்களிலும் இலவசமாக வரலாம். அதோடு ஆண்டுக்குப் பத்து இலவசச் சீட்டுகள் உண்டு. அருங்காட்சியகப் பயிற்றுநரின் வழிகாட்டுதல், பொது வரவேற்பு விழாவுக்கு அழைப்பு, புல்லட்டின், ஆண்டறிக்கை ஆகியவையும் இச்சலுகைகளில் அடங்கும்.

கூட்டமில்லாத இரண்டு நாள்களைப் பணம் கட்டியவர்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டார்கள் என்று இதற்குப் பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. கட்டண நாளில் கூட்டம் குறைந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பத்துச் சீட்டுகளில் உறுப்பினரின் பெயர் கேட்கப்படவில்லை. சீட்டைக் கையில் கொண்டுவருபவர் யாரானாலும் ஒருமுறை உள்ளே போகலாம். கட்டண நாளில் படங்களைப் பார்த்து வரையும் நகலோவியர்களுக்கும் கட்டணம் இல்லை. பயிற்றுநரின் சேவைக்குப் பிறர் தலைக்கு 25 சென்ட், மணிக்குக் குறைந்தது ஒரு டாலர் என்று கொடுக்க வேண்டியிருந்தபோது, அது உறுப்பினர்களுக்கு இலவசம். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் அவர்கள் அழைத்துவரும் மாணவர்களுக்கும் இலவசம். பணக்காரர்களின் தனியறையை அமைக்க நினைத்தவர்கள் பள்ளி ஆசிரியரையும் நகலோவியரையும் அதே வாசல் வழியாக விட்டிருக்க மாட்டார்கள். உறுப்பினருக்குக் கிடைத்த சலுகைகளில் கணிசமானவை அவர் மூலமாகக் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் சீட்டைப் பெற்றுக்கொண்ட யாரோ ஒருவருக்கும் போய்ச் சேர்ந்தன.

இனி முக்கியமான பகுதி. பொதுச் சலுகைகளை முடித்த பிறகு, ஆதரவு உறுப்பினருக்கும் ஃபெல்லோஷிப் உறுப்பினருக்கும் மட்டும் உரிய மூன்றைத் தனியாகச் சொல்கிறது அறிவிப்பு. கேட்டால் இரு மடங்கு சீட்டுகள் கிடைக்கும். வரவேற்பு விழாவுக்குக் குடும்பத்தையும் அழைத்து வரலாம். மூன்றாவதாக, அவர்கள் கட்டிய சந்தா மொத்தமாக 1,000 டாலரை எட்டும்போது ஆயுள் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்படவும், 1870 சாசனத்தால் உருவான சட்டப்பூர்வ அமைப்பான கார்ப்பரேஷனின் அங்கத்தினராகவும் அவர்கள் உரிமை பெறுகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்து டாலருக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் உள்ள வேறுபாடு 15 டாலர். கூடுதலாகக் கிடைக்கும் பத்துச் சீட்டுகளின் மதிப்பு, ஒன்று 25 சென்ட் வீதம், 2.50 டாலர். எஞ்சிய 12.50 டாலருக்கு ஈடாகக் கிடைப்பவை குடும்பத்துக்கு ஒரு விழா அழைப்பும், கட்டிய பணம் கூட்டப்படும் என்ற வாக்குறுதியும். அதற்கு மேலே போனால் நிலைமை இன்னும் தெளிவாகிறது. நூறு டாலர் கட்டுபவருக்கு இருபத்தைந்து கட்டுபவரைவிடக் கூடுதலாக ஒரு சீட்டுகூட அறிவிப்பில் இல்லை. இருவருக்கும் அதே மூன்று உரிமைகள்தாம். ஒருவர் பத்து ஆண்டுகளில் 1,000 டாலரை எட்டுவார், மற்றவர் நாற்பது ஆண்டுகளில் எட்டுவார். ஆண்டுக்கு 75 டாலர் அதிகம் கொடுப்பவர் அதைக் கொடுத்து வாங்குவது வேகம் ஒன்றை மட்டுமே. அந்தஸ்தை விற்கும் ஏணியாக இருந்திருந்தால், நான்கு மடங்கு தருபவருக்குக் கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது கொடுத்திருப்பார்கள். ஆகவே சந்தாவின் மேல் இரண்டு படிகளும் ஆயுள் ஃபெல்லோ பதவிக்கான தவணைத் திட்டமே என்று கருதுகிறேன். பத்து டாலர் அந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

நம் சிற்றிதழ்களின் உள்ளட்டையில் ஆண்டுச் சந்தா, ஆயுள் சந்தா, புரவலர் நன்கொடை என்று மூன்று வரி அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும். முப்பது வருடம் தவறாமல் ஆண்டுச் சந்தா கட்டியவரை எந்த இதழும் தானாக ஆயுள் சந்தாதாரராக மாற்றிவிடுவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆண்டுக்கு 10 டாலர் வீதம் 1,000 டாலரை எட்ட நூறு ஆண்டு ஆகும். யாராலும் முடியாத ஒன்றை விதியில் சொல்லாமல் விட்டதில் என்ன பொருள் இருக்கிறது? கேள்வி நியாயமானது. ஆனால் பத்து டாலர் கட்டியவர் வாழ்நாள் முழுக்கப் பத்திலேயே நிற்க வேண்டும் என்பதில்லை. இருபது ஆண்டுகள் பத்துப் பத்தாகக் கட்டிவிட்டு, பிறகு இருபத்தைந்துக்கு மாறிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் முன்பு கட்டிய 200 டாலர் கூட்டலில் சேருமா? விதியின் வாசகம் இதை நேரடியாகச் சொல்லவில்லை. அவர்களுடைய சந்தாக்களின் மொத்தம் என்ற அளவில் நிற்கிறது. எந்த நிலையில் கட்டியவை என்று விரிக்கவில்லை. சேரும் என்று தாராளமாகப் பொருள்கொண்டவர்கள் உண்டு.

சேராது என்பதே என் முடிவு. அந்த உரிமை தனி வாக்கியமாக வரவில்லை. மூன்று உரிமைகளை அடுக்கும் ஒரே வாக்கியத்தின் கடைசி உறுப்பாக வருகிறது. முதல் இரண்டும் ஒருவர் ஆதரவு உறுப்பினராகவோ ஃபெல்லோஷிப் உறுப்பினராகவோ இருக்கும் காலத்துக்கு மட்டும் பொருந்துபவை. பத்து டாலர் கட்டிய காலத்துக்கு யாரும் பின்னோக்கி இரு மடங்கு சீட்டுக் கேட்க முடியாது. அதே எழுவாயைக் கொண்டு, அதே மூச்சில் சொல்லப்படும் மூன்றாவது உரிமையும் அந்த நிலையில் கட்டிய பணத்துக்கே பொருந்த வேண்டும். அலுவலகத்தில் யாரோ ஒரு செயலர் இரக்கப்பட்டுக் கூட்டிக்கொடுத்திருக்கக்கூடும். நடைமுறை எப்போதும் விதியைவிடச் சற்று இளகியதாகவே இருக்கும். என்றாலும் இங்கே நாம் படிப்பது அருங்காட்சியகம் ஊரறிய அச்சிட்டுக் கொடுத்த வாக்கை.

ஏன் இப்படி? இதற்கான விடை ஜேக்கப் ரோஜர்ஸ் வரலாற்றில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அது வழக்கமாகச் சொல்லப்படும் முறையில் இல்லை. நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் ரயில் எஞ்சின்கள் செய்த தொழிற்சாலையின் அதிபர் அவர். 1883இல் பத்து டாலர் ஆண்டு உறுப்பினரானார். 1901இல் இறந்தபோது ஏறக்குறைய 50 லட்சம் டாலரை அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்திருந்தார். சிறு சந்தா என்பது பெரிய மீனுக்குப் போட்ட தூண்டில் என்பதற்கு ஆய்வாளர்கள் இன்றும் இந்த நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

ஒரே ஒரு மனிதரின் உயிலிலிருந்து ஒரு திட்டத்தின் நோக்கத்தை வருவிப்பது முறையாகாது என்பதோடு அந்த வாதத்தை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது உயிலின் நிபந்தனை. அந்த நிதியின் வருமானத்தை அரிய கலைப்பொருள்கள் வாங்கவும் நூலகத்துக்கு நூல்கள் வாங்கவும் மட்டுமே செலவிட வேண்டும் என்று ரோஜர்ஸ் வரையறுத்திருந்தார். அந்தப் பணத்தில் எகிப்தியச் சிலை வாங்கலாம். அச்சிலையைத் துடைப்பவருக்குக் கூலி கொடுக்க முடியாது. பெரும் கொடை அனேகமாக இப்படி ஒரு கட்டுப்பாட்டோடுதான் வரும். அருங்காட்சியகக் கட்டடம் நகராட்சிக்குச் சொந்தம், பராமரிப்புக்கு நகரின் மானியமும் உண்டு. ஆனாலும் மானியம் செலவை எட்டாத ஆண்டுகளில் பற்றாக்குறை அறங்காவலர்களின் தலையில் விழுந்தது. எந்த நிபந்தனையும் இல்லாமல் கையில் வந்து விழும் பணம் அதனால்தான் அரியதாயிற்று. பத்து டாலர் அத்தகைய பணம். அது யாருக்கும் எதையும் சேர்த்துவைக்கவில்லை. நாளை யாரும் அதைக் காட்டி உள்ளே இடம் கேட்க முடியாது. கூட்டப்படாமல் இருந்ததுதான் அதன் பலம். இப்படிப் படிக்கும்போது அந்தப் பத்து டாலரை அலங்காரம் என்று தள்ளுவது பெரும் பிழையாகிறது. அருங்காட்சியகம் தன் விருப்பப்படி செலவழிக்க முடிந்த பணத்தைக் கொண்டுவந்தவர்கள் அந்தச் சிறு உறுப்பினர்கள்.

ரோஜர்ஸ் பதினெட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கட்டிய சந்தாவைக் கூட்டினால் ஏறக்குறைய 200 டாலர் வரும். 1870இல் வகுத்த பழைய அளவின்படி ஆயுள் ஃபெல்லோவுக்கு வேண்டிய தொகையும் 200 டாலர்தான். அன்று 500 கொடுத்தவர் நிரந்தர ஃபெல்லோ, 1,000 கொடுத்தவர் புரவலர். சந்தா கூட்டப்பட்டிருந்தால் அவர் சாகும் தறுவாயில் அந்த வாசற்படியில் நின்றிருப்பார். தன் சந்தா கூட்டப்படாத ஒருவர் தன் செல்வத்தின் பெரும்பகுதியை அங்கே விட்டுச்சென்றார். இதைச் சலுகைக் கணக்கால் விளக்க முயன்றவர்கள் யாரும் வெற்றி பெறவில்லை. நானும் முயலப்போவதில்லை.

உள்ளே இடம் பெற்றவர்களின் பணம் எத்தகைய பாரத்தைச் சுமந்துவரும் என்பதற்கு 1891 நல்ல சான்று. ஞாயிற்றுக்கிழமை திறக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்துகொண்டிருந்தது. வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன தொழிலாளிக்கு வேறு நாள் இல்லை. அறங்காவலர்களில் ஒரு பகுதியினர் சமயக் காரணத்தால் தடுத்துவந்தனர். கடைசியில் 31 மே 1891 அன்று கதவு திறந்தது. நெருங்கிய ஆதரவாளர் சிலரின் மனம் கசந்தது. 50,000 டாலர் உயில் ஒன்று கைநழுவிப் போனது. பத்து டாலர் உறுப்பினர்களில் சிலரும் கோபத்தில் விலகியிருக்கலாம். ஒருவர் விலகினால் இழப்பு பத்து டாலர். அருங்காட்சியகம் பொதுமக்களுக்காகத் துணிந்து ஒரு முடிவெடுக்கும்போது அதைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய பணம் எது என்பது இதிலிருந்து விளங்கும். வகைகள் அன்று வேறு பெயரில் இருந்தன என்பது இந்த வாதத்தைப் பாதிக்காது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இதே காலத்தில் வேறு வழி பிடித்தார்கள். 1897இல் பாரிஸில் தொடங்கிய லூவ்ர் நண்பர்கள் கழகமும், 1903இல் லண்டனில் தொடங்கிய தேசியக் கலைத்தொகுப்பு நிதியமும் அருங்காட்சியகத்துக்கு வெளியே தனிச் சங்கங்களாக நின்றன. லண்டனில் ஆண்டுக்கு ஒரு கினி கட்டிய உறுப்பினரின் பணம் மற்றவர்கள் பணத்தோடு சேர்ந்து ஒரு படமாகவோ சிலையாகவோ மாறியது. அங்கே எல்லாப் பணமும் கூட்டப்பட்டது, ஆனால் தனி ஆளின் பெயரில் இல்லை. 1909இல் ஹோல்பைன் வரைந்த டென்மார்க்கின் கிறிஸ்டினா ஓவியத்தை மீட்க 72,000 பவுண்டு வேண்டியிருந்தது. அதில் 40,000 பவுண்டைத் தன் பெயரே வெளிவரக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார் ஒரு பெண்மணி. பெரும் கொடை உரிமை கோராமலும் வர முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அப்படி வருபவரை எதிர்பார்த்து ஒரு அருங்காட்சியகம் வரவுசெலவுத் திட்டம் போட முடியாது.

மெட்ரோபாலிடன் தன் ஆண்டறிக்கைகளில் உறுப்பினர் பெயர்களை வகைவாரியாக அச்சிட்டு வந்தது. இதுவரை அந்தப் பட்டியல்களை வைத்து ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் என்று எண்ணியிருக்கிறார்கள். பிரபலமான குடும்பப் பெயர்களைத் தேடி எடுத்திருக்கிறார்கள். இங்கே முன்வைத்த வாசிப்பைச் சோதிக்க விரும்புபவர் தேட வேண்டியது வேறு. ஓர் ஆண்டுப் பட்டியலில் பத்து டாலரில் இருந்து, அடுத்த ஆண்டு இருபத்தைந்துக்கு மாறிய பெயர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் யார் எத்தனை ஆண்டுகளில் ஆயுள் ஃபெல்லோ பட்டியலுக்குப் போனார்கள் என்று பின்தொடர வேண்டும். முழு நாற்பது ஆண்டுகள் காத்திருந்தவர்களாக அவர்கள் இருந்தால் என் வாசிப்பு நிற்கும். பழைய பத்து டாலர்களும் கூட்டப்பட்டு அதற்கு முன்பே மேலே போயிருந்தால், இந்த அறிவிப்பின் கடைசி வாக்கியத்தை நான் வேறு விதமாகப் படிக்க வேண்டிவரும்.