எண்கள் சொல்லும் நிலம்

விண்டோஸ் கணினியோடு வளர்ந்த தலைமுறையில் ‘மைன்ஸ்வீப்பர்’ ஆட்டத்தை ஒருமுறையேனும் திறந்து பாராதவர் அரியர். சாம்பல் நிறக் கட்டங்கள், மேலே ஒரு மஞ்சள் முகம். கைபோன போக்கில் சொடுக்கி, வெடித்ததும் மூடிவிட்டு எழுந்தவர்களே நம்மில் பலர். அது தருக்கத்தின் ஆட்டம் என்பதை நாம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தோம்.

இதன் மூதாதையர்களில் ஒன்று, 1983-இல் இங்கிலாந்தின் இயன் ஆண்ட்ரூ ஸ்பெக்ட்ரம் கணினிக்காக எழுதிய ‘மைண்ட் அவுட்’. கண்ணுக்குத் தெரியாத வெடிகளுக்கிடையே வயலைக் கடந்தாக வேண்டும். அருகில் எத்தனை வெடிகள் என்பதை மட்டும் திரை சொல்லும். 1985-இல் வந்த ‘ரிலென்ட்லெஸ் லாஜிக்’ ஆட்டத்தில் கடப்பவன் செய்தி கொண்டு செல்லும் போர்வீரன். ராபர்ட் டானரும் கர்ட் ஜான்சனும் உருவாக்கிய மைக்ரோசாப்ட் ஆட்டம் 1990-இல் ஒரு விளையாட்டுத் தொகுப்பில் வெளிவந்தது. 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் சேர்ந்தே வந்து, உலகெங்கும் அலுவலக மேசைகளில் குடியேறியது. கடந்து செல்லும் மனிதன் இதற்குள் காணாமற்போயிருந்தான். நிலம் மட்டும் எஞ்சியது.

விதி எளிது. திறந்த கட்டத்தில் உள்ள எண், அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை வெடிகள் என்று சொல்கிறது. ‘2’ என்ற எண்ணின் அருகே திறவாத கட்டங்கள் இரண்டே இருப்பின் இரண்டிலும் வெடி உண்டு. வலப்பொத்தானால் கொடி நடலாம். ஓர் எண்ணுக்குரிய வெடிகள் அனைத்தும் தெரிந்துவிட்டால், அதைச் சுற்றி எஞ்சியவற்றை அஞ்சாது திறக்கலாம். பழகிய கண் எண்களைத் தனித்தனியே பார்ப்பதில்லை, வரிசையாகவே படிக்கும். நேரான விளிம்பில் 1, 2, 1 என்று வந்து, திறவாத கட்டங்கள் ஒரே பக்கத்தில் இருந்தால், ஒன்றுகளுக்கு நேர் எதிரே வெடிகள். இரண்டுக்கு எதிரே வெற்றிடம். இதை முதன்முதலில் தாமாகவே கண்டுகொண்ட மகிழ்ச்சியைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் தருக்கம் எப்போதும் கைகொடுப்பதில்லை. கடினமான நிலையில் 480 கட்டங்கள், 99 வெடிகள். எல்லாவற்றையும் முறையாகத் திறந்து வந்தபின், கடைசி மூலையில் இரு கட்டங்கள், ஒரே வெடி. எந்த எண்ணும் உதவாது. பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கே, 2000-இல் வேறொரு கோணத்தில் ஒன்றை நிறுவினார்: திரையில் தரப்பட்ட எண்கள் ஒன்றோடொன்று பொருந்துமா என்று எந்நிலையிலும் விரைந்து கண்டறியும் பொதுவழி கிடைத்தால், பத்து லட்சம் டாலர் பரிசு காத்திருக்கும் பெருங்கணிதப் புதிர் ஒன்றே அவிழ்ந்துவிடும். அலுவலக நேரத்தை விழுங்கிய ஆட்டத்துக்கு இப்படியொரு மரியாதை!

ஆட்டத்தின் மீது எழுந்த மனக்குறை வேறு. மண்ணில் புதைந்த வெடி விளையாட்டுப் பொருளாவது, அதற்குக் கால்களைப் பலிகொடுத்தவர்களை அவமதிப்பது என்று 2001-இல் ஓர் இயக்கம் குரல் எழுப்பியது. விண்டோஸ் விஸ்டாவில் (2007) வெடிகளுக்குப் பதிலாகப் பூக்களைத் தேர்ந்துகொள்ளும் வசதி வந்தது. பொழுதுபோக்கில் இவ்வளவு நுண்ணுணர்வு வேண்டுமா என்று முதலில் நாமும் நகைத்தவர்கள்தாம். வன்னி நிலத்தை நினைக்கும்போது அந்த நகைப்பு நிற்பதில்லை.

கண்ணிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கை 1997-இல் உருவானது. இலங்கை அதில் இணைந்தது 2017-இல். போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் வட மாகாணத்தில் வெடியகற்றும் பணி தொடர்ந்தது. அதில் ஈடுபட்டோரில் பெண்கள் பலர். முகக்கவசமும் கனத்த மேலங்கியும் அணிந்து, வெயிலில் மண்டியிட்டு, கைக்கருவியால் மண்ணைச் சிறிது சிறிதாகக் கிளறி அவர்கள் முன்னேறினார்கள். தேடி முடித்த மண் எதுவும், அடுத்த அடியில் என்ன இருக்கிறது என்று எண்ணாக எழுதிக் காட்டவில்லை.