பையன் நின்னுட்டான்!

மேனாம்பேடு பக்கம் டூ-வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் யாரிடமாவது, 'தொழில் எப்படிப் போகுது?' என்று கேட்டுப் பாருங்கள். வண்டி வரத்தைப் பற்றியோ, ஸ்பேர் பார்ட்ஸ் விலையைப் பற்றியோ உடனே பேசமாட்டார்கள். 'எங்க சார்... பையன் நின்னுட்டான்' என்பதுதான் முதல் புலம்பலாக இருக்கும்.

தமிழ் பொல்லாத மொழி. 'வேலையில் நின்றான்' என்றால் நிலைத்து இருந்தான். 'வேலையை விட்டு நின்றான்' என்றால் போயே போய்விட்டான். ஒரே 'நில்', ரெண்டு நேரெதிர் அர்த்தம். நம் ஒர்க்‌ஷாப்காரர்கள் பலருக்கும் ரெண்டாவது அர்த்தம்தான் பழக்கம்.

பதினெட்டு வயசில் ஒருத்தன் வருகிறான். வண்டி கழுவுகிறான், டீ வாங்கி வருகிறான், ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறான். மூணு வருஷத்தில், வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்து, 'அண்ணே, டேப்பெட் லூஸு' என்று சொல்லும் அளவுக்குத் தேறுகிறான். சரியாக அப்போதுதான் நிற்கிறான்! கம்பெனி சர்வீஸ் சென்டரில் யூனிஃபார்ம் கிடைக்கிறது. இல்லையென்றால் வளைகுடா. அதுவும் இல்லையென்றால் எதிர்த்தாற்போலவே சொந்தக் கடை.

நான் காமர்ஸ் படித்தவன். கம்ப்ரஸர், ஜாக்கி, கஸ்டமர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி என எல்லாவற்றுக்கும் கணக்கில் இடம் உண்டு, வருஷா வருஷம் தேய்மானம்கூட உண்டு. ஆனால், மூணு வருஷம் செலவழித்துப் பழக்கிய அந்தக் கைக்கு பேலன்ஸ் ஷீட்டில் இடமே கிடையாது. கம்ப்ரஸர் திருடு போனால் போலீஸுக்கு ஓடுகிற முதலாளி, அந்தக் கை போகும்போது, 'போனா போறான், இன்னொருத்தன் வருவான்' என்கிறார்.

இந்தக் கணக்குத் தப்பை உலகத்தின் பெரிய கார் முதலாளியே செய்திருக்கிறார். ஹென்றி ஃபோர்டு!

1913-ல் அமெரிக்காவின் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைனைக் கொண்டுவந்தார் ஃபோர்டு. கார் மளமளவென்று வெளியே வந்தது. கூடவே ஆட்களும் வெளியே வந்தார்கள். நாள் முழுக்க ஒரே நட்டை முடுக்கிக்கொண்டிருக்க எவனால் முடியும்? அந்த வருஷம் ஆட்கள் மாறிய விகிதம் 370 சதவிகிதம். புரிகிற மாதிரி சொன்னால், நூறு பேர் செய்கிற வேலைக்கு ஒரே வருஷத்தில் 370 பேரைப் புதிதாகப் பிடிக்கவேண்டி வந்தது.

1914 ஜனவரியில் ஃபோர்டு ஒரு குண்டைப் போட்டார். ஒன்பது மணி நேரத்துக்கு ரெண்டரை டாலருக்கும் குறைவாக இருந்த தினக்கூலி, இனி எட்டு மணி நேரத்துக்கு ஐந்து டாலர்! வேலை கேட்டு வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம் முண்டியது. 1915-ல் அந்த 370, வெறும் 16 ஆகிவிட்டது.

ஆனால், அந்த ஐந்து டாலருக்குள் ஒரு முள் இருந்தது. தொழிலாளி வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா, குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். தேறினால்தான் முழுப் பணம். ஃபோர்டு ஆளை நிற்கவைத்தார், சரி. மதித்து நிற்கவைத்தாரா?

அதற்கு ரெண்டு மூணு வருஷம் முன்பு, நம் மதுரையில் வேறு ஒரு கதை ஆரம்பித்திருந்தது.

திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் வக்கீலாக இருந்தார், ரயில்வேயில் வேலை பார்த்தார், வங்கிக்குப் போனார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1911-ல் சொந்தத் தொழிலில் இறங்கினார். பஸ் விட்டார். வக்கீல் வீட்டில் கேட்டால் தலையில் அடித்துக்கொள்கிற தொழில்!

அவருக்கு இருந்த சிக்கலைக் கொஞ்சம் யோசியுங்கள். வண்டி கப்பலில் வருகிறது. ஸ்பேரும் கப்பலில்தான். சாலையோ மாட்டு வண்டிச் சாலை. நடுவழியில் பஸ் நின்றால் கூப்பிட மெக்கானிக் கிடையாது. காரணம், அப்படி ஒரு தொழிலே ஊரில் இல்லை. ஆளைத் தேடிப் பிடிக்க வழியில்லை, உருவாக்கத்தான் வேண்டும். உருவாக்கியவனை விட்டுவிட்டால்? பஸ் ஷெட்டிலேயே கிடக்கும்.

டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொண்டார்கள் என்று மதுரைப் பெரியவர்கள் சொல்வார்கள். டயரைக் குத்தும் லாட ஆணிகளைப் பொறுக்க, காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் விட்டார்கள் என்று இன்னொரு கதையும் உண்டு. கதையில் எவ்வளவு சேர்மானமோ, நேரத்துக்கு பஸ் வந்தது என்ற பெயர் நிஜம். டிரைவர் மட்டும் நினைத்தால் பஸ் நேரத்துக்கு வராது. ராத்திரி ஷெட்டில் லாந்தர் வெளிச்சத்தில் பிரேக்கைப் பிரித்து மாட்டியவன் ஒழுங்காகச் செய்திருந்தால்தான் வரும். முதலாளியின் மானமே அந்த மெக்கானிக்கின் கையில் இருந்தது.

ரெண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம். கரியை எரித்து வரும் வாயுவில் பஸ்ஸை ஓட்டும் சாதனத்தை டி.வி.எஸ். தயாரித்தது. பெட்ரோலுக்குச் செய்த இன்ஜினைக் கரிப்புகையில் ஓட்டுவதென்றால், அந்த இன்ஜினோடு வருஷக்கணக்கில் புழங்கிய கை வேண்டும். புதுசாக வந்தவனால் ஆகாது.

அப்பா வேலை பார்த்த இடத்தில் பிள்ளையும் சேர்வது டி.வி.எஸ்ஸில் வழக்கம் என்ற பேச்சு மதுரையில் வெகுகாலமாக உண்டு. 1955-ல் சுந்தரம் ஐயங்கார் காலமானார். பஸ்கள் அரசுடைமையாகி 1972-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பஸ் போனாலும் பெயர் நின்றது.

அந்தப் பெயர் அறுபதுகளில் நம் மேனாம்பேட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று வரிசையாக ஆலைகள். இன்றைக்கும் பஸ்ஸில் 'லூகாஸ் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்கிறோமே, அந்த லூகாஸ்தான்.

குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை வேணு சீனிவாசன், படிக்கிற காலத்தில் விடுமுறைகளில் கம்பெனி கராஜில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். கிரீஸ் ஒட்டிய கை எப்படி இருக்கும் என்று முதலாளிக்குத் தெரிவது சின்ன விஷயமில்லை. அவர் தலைமையில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதை வாங்கிய முதல் கம்பெனி அதுதான்.

எட்வர்ட்ஸ் டெமிங் 1950-ல் ஜப்பானுக்குப் போய்த் தரம் பற்றிப் பாடம் நடத்திய அமெரிக்கர். நிர்வாகங்களுக்கு அவர் சொன்ன பதினான்கு அறிவுரைகளில் ஒன்று, வேலை இடத்திலிருந்து பயத்தை விரட்டு என்பது. இன்னொன்று, தன் வேலையை நினைத்துப் பெருமைப்படும் உரிமையைத் தொழிலாளியிடமிருந்து பறிக்காதே என்பது. பயந்தவன் தப்பை மறைப்பான். மறைத்த தப்பு, பிரேக் பிடிக்காத வண்டியாக ரோட்டுக்கு வரும். எவ்வளவு எளிய கணக்கு!

'டி.வி.எஸ். என்ன சொர்க்கமா?' என்று கேட்பீர்கள். இல்லை. 1990-ல் ஓசூரில் அவர்களுடைய டூ-வீலர் ஆலை, தொழிலாளர் தகராறில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. தாத்தா சம்பாதித்த நல்ல பெயர் பேரனின் கேட்டைத் திறந்துவிடவில்லை. திரும்ப உட்கார்ந்து, முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. அதே டூ-வீலர் கம்பெனி 2002-ல் டெமிங் பரிசு வாங்கியபோது இடையில் பன்னிரண்டு வருஷம் ஓடியிருந்தது. நல்ல பணியிடம் என்பது பரம்பரைச் சொத்து இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியது.

இன்னொன்றும் உண்டு. முதலாளி நல்லவர் என்பது வேறு, தொழிலாளிக்கு உரிமை உண்டு என்பது வேறு. நல்ல மனசு ஆளோடு போய்விடும். பரிசு வாங்கிய அந்தப் பிரேக் பிரிவு பிற்பாடு வாப்கோ வசம் போய், இப்போது ஜெர்மனியின் இசட்.எஃப். வசம் இருக்கிறது. 2022-ல் டி.வி.எஸ். குடும்பமே சொத்தைப் பிரித்துக்கொண்டது. முதலாளி மாறினாலும் மாறாமல் இருப்பது எழுதிவைத்த விதியும், தேதி தவறாத சம்பளமும்தான்.

'அவங்களுக்குக் கோடி இருக்கு சார், எனக்கு?' என்று நம் ஒர்க்‌ஷாப் அண்ணன் கேட்பார். நியாயம். வீட்டு வசதியும் பள்ளிக்கூடமும் அவரால் தர முடியாது. ஆனால், பையனை 'டேய்' என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட எத்தனை கோடி வேண்டும்? கஸ்டமர் முன்னால் திட்டாமல் இருக்க? ஞாயிற்றுக்கிழமை லீவை ஞாயிறு காலையில் ரத்து செய்யாமல் இருக்க? தப்பு செய்துவிட்டு அவனே வந்து சொல்லும்போது கை ஓங்காமல் இருக்க?

இன்னொரு அவசரமும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபிறகு பெரும்பாலான புது வண்டிகளில் பழைய கார்ப்பரேட்டர் போய்விட்டது. காதால் கேட்டுச் சொன்ன கோளாறை இப்போது ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரிக் வண்டியில் கேட்பதற்குச் சத்தமே இல்லை! பையனுக்கு இதெல்லாம் தெரிகிறது. இங்கேயே இருந்தால் பழைய வித்தையோடு தேங்கிவிடுவோம் என்ற பயம்தான் பாதிப் பேரைக் கிளப்பி விடுகிறது. கூடுதல் சம்பளம் அதற்கு அடுத்துத்தான். ஒரு ஸ்கேனர் வாங்கி அவன் கையில் கொடுத்து, 'நீ கத்துக்கிட்டு எனக்கும் சொல்லிக்கொடு' என்று சொல்கிற முதலாளியை விட்டு அவ்வளவு சீக்கிரம் யாரும் கிளம்பமாட்டார்கள்.

அப்படியும் ஒருநாள் அவன் போய் எதிரிலேயே கடை போடலாம். போடட்டும். டெலிவரி நெருக்கும் நாளில் ஸ்பானர் கேட்டுப் போக ஒரு கடை பக்கத்தில் இருக்கும். அவன் கையில் இருப்பது நீங்கள் கற்றுக்கொடுத்த வித்தை. திட்டி அனுப்பியிருந்தால் கதவைச் சாத்துவான். வாழ்த்தி அனுப்பியிருந்தால், 'எடுத்துக்கங்க அண்ணே' என்பான்.