சால்மன் தடுப்பூசி

பண்ணை மீனுக்கு நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட வருமுன் காப்பதே மேல் என்பதற்கு நார்வேயின் அட்லாண்டிக் சால்மன் வளர்ப்பு வலுவான சான்று. 1987இல் சுமார் 50,000 டன் மீனுக்கு ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான கிலோ, அதாவது 50 டன் அளவு, ஆன்டிபயாடிக் செலவானது. 1990களின் தொடக்கத்தில் ஃபுருன்குலோசிஸ் நோய்க்கு எண்ணெய் கலந்த தடுப்பூசி வந்தபின் அந்த அளவு சில ஆண்டுகளிலேயே சரிந்தது. அண்மை ஆண்டுகளில் உற்பத்தி 15 லட்சம் டன். ஆன்டிபயாடிக் ஒரு டன்னுக்கும் குறைவு. கூண்டிடங்களை இடையிடையே காலியாக விட்டதும், வெவ்வேறு வயது மீன்களைக் கலக்காததும் இதற்கு உதவின என்பது உண்மை. ஆனால் அவை மட்டும் இவ்வளவு விரைவான சரிவை விளக்கப் போதாது.

தடுப்பூசியே மீனை வருத்துகிறது என்ற மறுப்பைத் தள்ளிவிட முடியாது. மயக்கமூட்டி வயிற்றறைக்குள் போடும் இந்த ஊசியால் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. பசி குறையும், வளர்ச்சி தாமதிக்கும். பழைய மருந்துகளில் முதுகெலும்புக் கோணலும் தென்பட்டது. மருந்தின் அளவைக் குறைத்தும், மீனின் பருமனும் நீரின் வெப்பமும் பார்த்து ஊசி போட்டும் இந்தப் பாதிப்பைத் தணிக்கலாம். கூட்டங்கூட்டமாகக் கொல்லும் நோயை அப்படித் தணிக்க இயலாது. எனினும் தடுப்பூசி மட்டுமே மீன்நலம் ஆகிவிடாது. ஒட்டுண்ணியான கடல் பேனுக்குப் பயன்தரும் தடுப்பூசி இல்லை. பேனகற்ற வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துவதே மீனைக் காயப்படுத்துகிறது. தடுப்பூசி இருந்தும் 2023இல் நார்வேயின் கடற்கூண்டுகளில் இருந்த சால்மன்களில் சுமார் 17 விழுக்காடு இறந்தன.