உழைப்பு, நம்பகம், முதல்: ஜவ்வாது மலைப் புலம்பெயர்வை முன்வைத்துத் தொழில்முனைவு பற்றிய மறுபார்வை

புலம்பெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை பாடுபட்டு முன்னுக்கு வந்துவிடும் என்ற எண்ணம் பொதுப்பேச்சில் மட்டுமல்ல, ஆய்வுலகிலும் வேரோடியிருக்கிறது. சொந்த ஊரில் மந்தமாக வேலை செய்தவர்கள் அயலூர்ப் பண்ணைக்குப் போனதும் ஆளே மாறிவிடுவதை மாக்ஸ் வேபர் 1904-05இல் வெளியான தம் ஆய்விலேயே கவனித்திருந்தார். பிழைக்கப் போன இடத்தில் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை. ஆகவே சிக்கனமும் விடாமுயற்சியும் பிள்ளைப் பருவத்திலேயே பழகிவிடுகின்றன என்பது இந்த வாதத்தின் சாரம். அதன் முதற்பாதி பெருமளவு உண்மை. அதிலிருந்து தொழில்முனைவு தானாக விளையும் என்ற பிற்பாதிதான் நிற்கவில்லை. உழைப்பைத் தொழிலாக மாற்றுவது, ஒருவரது நாணயத்தைக் கணக்கில் வைத்து, அதை நம்பிக் கடன் கொடுக்கும் சமூக அமைப்பு. அந்த அமைப்பு இல்லாத இடத்தில் கடும் உழைப்பு பிறருடைய முதலாகவே சேர்கிறது. இதற்கு ஜவ்வாது மலை தெளிவான சான்று.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம்மைக் குடிபெயர்ந்து வந்தவர்களாகவே நினைவுகூர்கின்றனர். வேடர் கவர்ந்து சென்ற பெண்களை மீட்கக் காஞ்சிபுரத்து வேளாளர் எழுவர் புறப்பட்டனர். பாலாற்று வெள்ளத்தில் அவர்களுடைய நாய்கள் மட்டும் ஊர் திரும்பியதால், இறந்துவிட்டார்கள் என்று கருதி ஈமச்சடங்கையும் முடித்துவிட்டார்கள். ஊரில் இடமிழந்தவர்கள் மலையேறிக் குடியமர்ந்தார்கள் என்பது 1909இல் தர்ஸ்டன் தொகுத்த இனவரைவு நூலில் உள்ள மரபுக்கதை. இதை வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் குடிபெயர்ந்த நினைவு தலைமுறைகளாகக் கைமாறி வந்தாலும் அதனால் மட்டும் ஒரு வணிகக் குடி உருவாகிவிடாது என்பதற்கு இது போதிய சான்று. இன்றைய புலம்பெயர்வும் அதையே காட்டுகிறது. சாமை அறுவடை முடிந்ததும் மலைக்குடும்பங்கள் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் இறங்குகின்றன. மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சார்த்தி, அதன் உச்சியில் நின்று, இடுப்பில் கட்டிய பைக்குள் சரம் சரமாகப் பறித்துப் போடுபவரிடம் துணிவுக்கோ உழைப்புக்கோ என்ன குறை? ஆனால் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய நாளிலேயே அவருடைய வரும் மாதங்கள் விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. அடுத்த பருவத்தில் வேறு மேஸ்திரி, வேறு தோட்டம். சென்ற பருவத்தில் அவர் நாணயமாக உழைத்தார் என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

இதே தமிழகத்தின் மற்றொரு புலம்பெயர்வோடு இதை ஒப்பிட வேண்டும். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானபின் அங்கு பெருகிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தொழில்முறையை டேவிட் ரட்னர் 1994இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்தார். அங்கே பையன் வெறுமனே கஷ்டத்தில் வளரவில்லை, பயிற்சியில் வளர்ந்தான். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பணப்பெட்டியருகே அமர்ந்து, கடிதம் படியெடுத்து, பேரேடு எழுதி, ஐந்தொகை போடக் கற்றான். அடுத்தாளாக உயர்ந்து, மேலாளாகி, மூன்றாண்டுக் கணக்கை முடித்து ஊர் திரும்பினான். கிட்டங்கி எனப்பட்ட ஒரே பொதுக் கட்டடத்தில் பல கடைகள் இயங்கியதால் அவனுடைய நேர்மையைப் பலர் அன்றாடம் பார்த்தார்கள். கோயில்வழிப் பங்காளி உறவு அந்த நற்பெயரை ஊர்வரை கொண்டுசேர்த்தது. பிறகு அவன் தனிக்கடை வைக்க முன்வந்தபோது, அதுவரை காட்டிய ஒழுக்கமே அவனுக்குக் கடன் பெற்றுத் தந்தது. மலைத் தொழிலாளிக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது; மனப்பான்மையில் அல்ல.

செட்டியார்கள் முன்பே முதல் உடைய வணிகர்கள், பழங்குடியினரோடு அவர்களை ஒப்பிடுவது பொருந்தாது என்று ஒருவர் மறுக்கலாம். முதல் மட்டுமே காரணமாக இருந்தால், முதலை இழந்தவர்கள் எழுந்திருக்கவே கூடாது. 1962இல் பர்மாவில் படைத்தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் நடந்த தேசியமயத்தால் கடையையும் கையிருப்பையும் இழந்த தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். அவர்களுக்காக 1969இல் சென்னைக் கடற்கரை நிலையத்தருகே உருவான பர்மா பஜார் இன்றும் இயங்குகிறது. அப்படியானால் வளர்ப்பில் ஊறிய உழைப்புக்குணம்தானே காப்பாற்றியது என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் குணத்துக்கு உரிய பங்கு உண்டு. ஆனால் அவர்களுக்கு நகரின் நெஞ்சிலேயே கடை வைக்க இடம் கிடைத்தது. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அடுத்தடுத்துக் கடை போட்டார்கள். குணம் வேர்பிடிக்க ஒரு நிலம் இருந்தது.

பழங்குடியினருக்குச் சேமிக்கும் வழக்கமே இல்லை, அன்றன்றைக்குக் கிடைப்பதில் நிறைவடைவார்கள் என்ற இன்னொரு மறுப்பை அதிகாரிகளும் வணிகர்களும் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இது காரணத்தையும் விளைவையும் மாற்றிப்போடும் வாதம். கூலி கைக்கு வருமுன்பே கடனில் கழிந்துவிடும் வீட்டில் எதைச் சேமிப்பது? வருமானத்தின் நெருக்கடி எத்தகையது என்பதை 2015 ஏப்ரல் 7 காட்டியது. அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி ஆந்திரச் சிறப்புக் காவல்படை சுட்டதில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலையினரும் உண்டு. உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்குக் கூலி தேடியவர்களை முயற்சியற்றவர்கள் என்று சொல்வது அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தாது. மேலும், பெற்றோர் பருவந்தோறும் வெளியூர் போகும்போது பிள்ளைகள் பாட்டி வீட்டிலோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ வளர்கிறார்கள். கூடவே போகும் பிள்ளைக்குப் பள்ளி விட்டுப்போகிறது. கஷ்டமே கற்றுக்கொடுக்கும் என்று புகழ்பவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

இறுக்கமான சமூக வலைகள் தம்மவரைத் தாங்கினாலும் பிறரை விலக்கும் என்பதும் கருதத்தக்க எச்சரிக்கை. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது கடன் அடைக்க முடியாத பர்மிய உழவர்களின் நிலம் செட்டியார்களிடம் போனது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கைவசம் 1930இல் 6 விழுக்காடாக இருந்த நிலம் 1937க்குள் 25 விழுக்காடானது. ஆகவே அந்த அமைப்பை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. அது செய்த வேலையை, சாதியின் வேலி இன்றிச் செய்யும் அமைப்பே தேவை. 2002இல் நிறுவனச் சட்டத்தில் சேர்ந்த உற்பத்தியாளர் நிறுவன முறை அதற்கு இடம் தருகிறது: உற்பத்தியாளர்கள் பத்துப் பேர் சேர்ந்தாலே பதிவு செய்யலாம், பங்கு எத்தனையானாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரில் இம்முறையில் பழங்குடி உழவர்களின் நிறுவனம் உருவாகியிருக்கிறது. சாமையை உமியோடு மூட்டையாக விற்றால் ஆதாயம் வெளியூர் ஆலைக்குப் போகும். மலையிலேயே உமி நீக்கி அரிசியாக்கி விற்றால் அந்த ஆதாயம் விளைவித்தவரிடம் தங்கும். அதைவிட முக்கியமானது, எடையும் தரமும் ஒவ்வோர் உறுப்பினர் பெயரிலும் ஆண்டுதோறும் பதிவாவது. ஓர் உழவரின் நாணயம் முதன்முறையாக மற்றவர் படிக்கக்கூடிய கணக்காகிறது. அந்தக் கணக்கை வங்கி ஏற்றுக் கடன் தந்தால்தான் சுழற்சி முழுமையடையும். தொழில்முனைவை வளர்க்க விரும்பும் அரசு, மலைப் பிள்ளைகளுக்கு உழைப்பின் பெருமையைப் போதிக்க வேண்டியதில்லை. அவர்களிடம் ஏற்கெனவே உள்ள உழைப்பைக் கணக்கில் எடுக்கும் நிறுவனங்களை நிலைநிறுத்துவதே அதன் கடமை.