சபதம் முடிந்தது, அடுத்தது எது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் மாமல்லபுரம். 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் எழுத்தாளர் கல்கி தொடராக எழுதிய ‘சிவகாமியின் சபதம்’ நாவல் இந்தக் கரையின் கதை. அதன் நான்கு பாகங்களையும் முடித்த வாசகர் நூலகத்துக்குத் திரும்பி வந்து கேட்பது ஒன்றுதான்: “அடுத்து எதைப் படிக்கலாம்?”

இந்தக் கேள்வியை நூலகத்தின் முதல் வேலையாக மதித்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அதே ஆண்டு பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் புதுப்புது பொம்மைகள். நூல்களுக்கும் இப்படி எண் பூட்டலாமே என்று தோன்றியது. 1933-ல் அச்சேறிய கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுதான்.

கல்கியின் நாவலுக்கு அந்த முறையில் கிடைக்கும் எண்ணைப் பாருங்கள்: ஓ31,3எம்99. ‘ஓ’ இலக்கியம், 31 தமிழ், 3 புனைகதை. ‘எம்’ என்பது 1800-களைக் குறிக்கும். கல்கி பிறந்தது 1899, ஆகவே எம்99. எழுத்தாளர்கள் அகரவரிசையில் நிற்பதில்லை, பிறந்த ஆண்டின் வரிசையில் நிற்கிறார்கள்! கல்கியைத் தாண்டிக் கை நகர்ந்தால் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தன், 1910-ன் சாண்டில்யன், 1921-ன் தி. ஜானகிராமன், 1922-ன் அகிலன். பெயர் தெரியாமல் வந்தவருக்கும் அடுக்கே ஒரு தலைமுறையை அறிமுகம் செய்து வைக்கிறது. வாசகரே அடுக்குவரை போய்ப் புத்தகத்தைத் தொட்டு எடுக்கலாம் என்று ரங்கநாதன் வற்புறுத்தியதும் இதற்காகத்தான்.

ஆனால் பிறந்த ஆண்டுக்கு ருசி தெரியாது. சிவகாமிக்காகக் கலங்கியவர் கையில் அடுக்கு முதலில் தருவது புதுமைப்பித்தனை. பெரிய எழுத்து, சந்தேகமில்லை. அன்றைக்கு அவர் தேடி வந்தது அதுவல்ல. இங்கேதான் மனிதர் வேண்டும். வாசகரையும் நூலையும் நேரில் சேர்த்துவைக்கும் தனிப்பட்ட சேவை என்றே நூலகரின் உதவியை ரங்கநாதன் விளக்கினார். 1931-ல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் இரண்டு இதையே சொல்கின்றன: வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர்.

நூல் தன் வாசகரைத் தேடிப் போவதும் நடந்தது. அதே 1931-ல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலக வரி பிறந்தது, ஊர்ப்புறங்களுக்கும் நூலகம் வந்து சேர வழி திறந்தது.

அப்படி வந்த ஒரு நூலகத்தில், சபதத்தை முடித்தவருக்குக் கல்கியை அறிந்த நூலகர் முதலில் அவருடைய ‘பார்த்திபன் கனவு’ நாவலை நீட்டுவார். அதைக் கல்கி முன்னதாகவே, 1941-ல் தொடங்கி எழுதிவிட்டார். கதையின் காலம் மட்டும் பிந்தியது. சிவகாமி நேசித்த பல்லவர் மாமல்லர் அதில் நாயகி குந்தவியின் தந்தை. அதையும் முடித்துவிட்டு வருபவருக்காக நூலகர் சில அடி தள்ளி நடக்க வேண்டும். 1925-ல் பிறந்த ஜெகசிற்பியன் அங்கே இருக்கிறார், கையில் இன்னொரு பல்லவர் கதை: ‘நந்திவர்மன் காதலி’.