பெட்டியைத் திருப்பிப் பாரு

பெரம்பலூர்ல இருந்து சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணே, ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டு வீட்டுக்கு நானே ரவுட்டர் செய்யப் போறேன். எந்தக் கம்பெனி நல்லது?" கம்பெனி பேரைக் கேட்டா மோசம் போவேன்னு சொல்லி பழைய கதையை ஆரம்பிச்சேன். "வேலை இருக்குண்ணே"னு வச்சுட்டான். நீங்களாவது கேளுங்க மக்களே :-)

2002 டிசம்பரில் லின்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்று நீலமும் கறுப்புமாக ஒரு பெட்டி விட்டது. 2003-ல் சிஸ்கோ அந்த நிறுவனத்தையே வாங்கியது. அதே வருஷம் நோண்டிப் பார்த்த சிலர், உள்ளே ஓடுறது லினக்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். ஜிபிஎல் உரிமப்படி, லினக்ஸை உள்ளே வைத்து விற்றால் மூலநிரலையும் கொடுத்தாகணும். கொடுத்தார்கள். அதிலிருந்து 2004-ல் பிறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி.

வில்லங்கம் 2005-ல். அந்தப் பெட்டியின் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதே பேரு, அதே முகம். உள்ளே மட்டும் 4 எம்பி ஃப்ளாஷ் 2 ஆகிவிட்டது, 16 எம்பி ராம் 8 ஆகிவிட்டது. லினக்ஸும் போய் விஎக்ஸ்வொர்க்ஸ். லினக்ஸ் வேணும்கிறவங்களுக்குன்னு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக ஒண்ணு விற்றார்கள். எது எந்தப் பதிப்புன்னு தெரிய ஒரே வழி, அடியில இருக்கிற ஸ்டிக்கர்.

இது தெரியாம நான் 2009-ல் திருச்சியில் ஒரு பழைய பெட்டி (வேற கம்பெனி, பேரு வேண்டாம்) வாங்கி வந்து, பதிப்பு பார்க்காம வேற பதிப்போட ஃபர்ம்வேரை ஏத்தினேன். ஒரே ஒரு விளக்கு மட்டும் மினுக்கியது. சுண்ணாம்புக்கல் அரியலூருக்கு இன்னொரு கல்!

சிப் விவகாரம் அதைவிட மோசம். பிராட்காம் வைஃபைக்கு மூலநிரல் இல்லாத டிரைவர்தான் கிடைத்தது, அதுவும் 2.4 கெர்னலுக்கு. 2003 கடைசியிலேயே 2.6 வந்தும் அந்தப் பெட்டிகள் வருஷக்கணக்கில் பழசிலேயே கிடந்தன. டெலிபோன் லைன் பிராட்பேண்ட் மோடங்களிலும் பல பிராட்காம்தான்; டிஎஸ்எல் பகுதிக்குத் திறந்த டிரைவரே கிடையாது. மோடத்தை பிரிட்ஜ் மோடில் போட்டு, நம்ம ரவுட்டரைப் பின்னாடி மாட்டறதுதான் வழி.

2016-ல் இந்தத் திட்டத்துக்காரர்களே சண்டை போட்டு எல்ஈடிஈ என்று பிரிந்தார்கள், 2018-ல் சேர்ந்தார்கள். நமக்கென்ன புதுசா? 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர் மாவட்டம் 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்ததே! அவங்க இன்னும் அந்த மூணாவது கட்டத்துக்கு வரல.

4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ராம் பெட்டிகளுக்கு 19.07 பதிப்போடு கதவை மூடிவிட்டார்கள். இப்போ 16, 128-க்குக் கீழே தொடாதீங்க. 2024-ல் அவர்களே வடிவமைத்து ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்று ஒரு பலகை விட்டார்கள். மீடியாடெக் சிப், 1 ஜிபி ராம். தப்பா எதையாவது ஏத்திட்டா மீட்க, தனியா ஒரு ஃப்ளாஷ். 2009-ல் எனக்கு அதுதான் இல்லாம போச்சு.

ராத்திரி தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். பழைய பெட்டி ஒண்ணு சல்லிசா கிடைச்சுதாம். முன்பக்கம் மட்டும்தான் எடுத்திருந்தான்.

"திருப்பி எடுத்து அனுப்புடா"ன்னேன்.